நூற்றி ஐந்து எப்படி 1005 ஆகிறது?

“நூற்றி ஐந்து எழுது” என்று சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை 1005 என்று எழுதுகிறது. தொடக்கப் பள்ளியில் ஓராண்டாவது வேலை பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். சிவப்பு மையில் ஒரு தப்பு விழும். நோட்டு திரும்பி வரும். அதோடு முடிந்தது.

ஆனால் அந்தப் பிள்ளை யோசிக்காமல் எழுதவில்லை. நூறு என்றால் 100 என்று அதற்குத் தெரியும். ஐந்து என்றால் 5 என்றும் தெரியும். காதில் விழுந்த வரிசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. எண்ணில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வீடு உண்டு, ஒன்று, பத்து, நூறு என்று அது நிற்கும் இடம்தான் அதன் மதிப்பைச் சொல்கிறது என்பது மட்டும் அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இடமதிப்பு என்கிற அந்த ஒரு விஷயத்தை நாணயத்தாலோ குச்சிக் கட்டாலோ காட்டிவிட்டால் சில நாட்களில் 105 வந்துவிடும். காட்டாமல் விட்டால் கூட்டல், கழித்தல், வகுத்தல், பின்னம் என்று ஒவ்வொன்றாகச் சரியும். எட்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு வைக்கப்படும் பெயர், “கணக்கு ஏறாதவன்”.

ஊர்ப் பகுதிப் பிள்ளை 1005 என்று எழுதினால் “கவனம் இல்லை” என்பார்கள். காலனிப் பிள்ளை எழுதினால் “இந்தப் பிள்ளைங்களுக்கு இவ்வளவுதான்” என்பார்கள். ஒரே தப்புக்கு இரண்டு தீர்ப்பு. எண் கற்பதில் தடை என்ன என்று ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதாக இருந்தால், அந்தப் பயிற்சி தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது இந்தப் பத்தியின் வாதம்.

கணக்கு தெரியாததற்கு என்ன விலை?

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வேலை என்றாலே அளவுதான். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறையில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் படிக்கத் தெரியாதவர் உதவியாளராகவே ஓய்வு பெறுவார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் பயிற்சிப் பணியானாலும், அரசு ஐடிஐயில் ஃபிட்டர், டர்னர் பாடமானாலும் தசமமும் பின்னமும் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும் தொடர்பானவை. அரை மதிப்பெண்ணில் வேலை தவறும் தேர்வில் 25 கேள்வி என்பது சின்ன விஷயமா?

வீட்டுக் கணக்கு இதைவிடக் கொடியது. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “1,500 ரூபாய்தானே வட்டி” என்று தோன்றும். ஆனால் கையில் வாங்கிய பணமோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் அந்த 100 நாளில் உங்களிடம் இருந்த கடன் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் இது நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இதைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த பெண் கடனே வாங்காமல் இருந்துவிடுவாள் என்று சொல்ல வரவில்லை. அவசரம் என்றால் வாங்கத்தான் வேண்டியிருக்கும். என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதாவது தெரியும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்களின் கதைகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: “முன்பணம் எவ்வளவு கழிஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியாது. கணக்கு முதலாளி நோட்டுல இருந்தது.” கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. நோட்டைப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்தச் சட்டம் இன்னும் சீக்கிரம் வேலை செய்திருக்கும்.

செங்கல்பட்டிலிருந்து வந்த கோரிக்கை

இந்தப் பேச்சு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இன்றைய அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நிலத்தோடு சேர்த்துப் பள்ளி இல்லாத கொடுமையையும் அது பேசியது. அதையொட்டி எழுந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 1893இல் சென்னை மாகாண அரசு கல்விக்காகத் தனி ஆணை வெளியிட்டது. சேரிகளில் பள்ளி, அதற்கு நிலம் என்பதோடு, அந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க உதவித்தொகை என்பதும் அதில் இருந்தது. பள்ளிக் கட்டடம் மட்டும் போதாது, உள்ளே நிற்கும் ஆசிரியர் யார், அவர் என்ன பயிற்சி பெற்றவர் என்பதும் முக்கியம் என்று 130 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்திருக்கிறது. மறுஆண்டு, 1894இல், கர்னல் ஆல்காட் சென்னையில் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார்.

பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவைச் சட்டமன்றத் தலைவராகத்தான் பாடப் புத்தகம் சொல்கிறது. அவர் பள்ளி ஆசிரியர், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர் என்பதை அதிகம் பேசுவதில்லை.

அதற்கு முந்தைய காலத்தில் கணக்கு கற்ற இடம் திண்ணைப் பள்ளி. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று மாகாணி, அரைக்கால், முந்திரி வரை மனப்பாடமாகச் சொல்ல வைத்தார்கள். தலித் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. ஆனால் ஊர் நிலத்தை அளக்கக் கோல் பிடித்தவர் வெட்டியான். மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட்டவர் நீர்க்கட்டி. களத்தில் மரக்காலால் நெல் அளந்த கைகளும் பெரும்பாலும் நம்முடையவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் செந்தில் பாபு தமிழகத்தின் பழைய கணக்குச் சுவடிகளை ஆராய்ந்து எழுதிய நூல், உழைப்பவர்களின் இந்த அளவை அறிவைக் கணிதமாகவே பார்க்கச் சொல்கிறது. அளக்கத் தெரிந்தவர் ஒருவர், கணக்கு எழுதும் உரிமை பெற்றவர் இன்னொருவர். “உங்களுக்குக் கணக்கு வராது” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. செல்போன் இருந்த வீடு ஏதோ சமாளித்தது. ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போன வீட்டில் பிள்ளை எண்ணையே மறந்தது. நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் வகுத்தல் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் 2022இல் 25.6 சதவீதம் என்றது ‘அசர்’ ஆய்வு. 2024இல் அது 30.7 சதவீதம். முன்னேற்றம்தான். மீதி எழுபது பேர் என்ன ஆவார்கள் என்பதுதான் கேள்வி.

தமிழக அரசு இதற்காகத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கு போட வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3 ஆம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5 ஆம் வகுப்புகளுக்கும். வகுப்பு எதுவானாலும் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரித்து, அந்தந்த நிலைக்குப் பயிற்சி நூல் கொடுப்பது இதன் முறை.

இந்த யோசனை நல்லது. மூன்றாம் வகுப்பில் இருப்பதாலேயே மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தலையில் கட்டாமல், பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஆசிரியர் இறங்கி வருகிறார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் அட்டையும் ஏணியும் இதே வழியில் வந்தவைதான். அதை முன்னெடுத்த அதிகாரி எம்.பி. விஜயகுமார், அதற்கு முன் வேலூர் மாவட்ட ஆட்சியராக, மீட்கப்பட்ட கொத்தடிமைச் சிறார்களுக்கான பள்ளிகளில் வேலை செய்தவர். விளிம்பில் இருந்த பிள்ளைகளுக்காக யோசித்த முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. இது அடிக்கடி நடப்பதில்லை.

பயிற்சி எப்படி நடக்கிறது? மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் மாவட்டத்துக்குச் சொல்கிறார்கள். மாவட்டத்திலிருந்து வட்டார வள மையம். அங்கிருந்து வில்லிவாக்கம், பூந்தமல்லி ஒன்றியப் பள்ளி ஆசிரியர். பாட்டு, கதை, பொம்மலாட்டம், துணைக்கருவி எல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன. வழியில் உதிர்வது ஒன்று: பிள்ளையின் தப்பைப் படிக்கும் பழக்கம். அதைப் படத்தொகுப்பு போட்டுக் காட்டிச் சொல்லித்தர முடியாது. நாலு நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மூன்று நிலைகளுக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. அரும்பு என்பது இன்று பிள்ளை நிற்கும் இடம். கவனிக்காவிட்டால் அது பிள்ளையின் பெயராகிவிடும். ஆண்டு முடிவில் அரும்பிலேயே இருக்கும் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒவ்வொரு பள்ளியும் தனக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் சங்கங்கள் வைக்கும் குறையிலும் நியாயம் இருக்கிறது: மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் போகிறது. இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்பு பார்க்கும் பள்ளியில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் 1005ஐப் பார்ப்பார்?

தப்பைக் கேட்பது எப்படி?

52லிருந்து 27ஐக் கழி என்றால் 35 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. “எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும். “அஞ்சுலேர்ந்து ரெண்டு போனா மூணு மிஸ். ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு.” பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொன்னதை அது அப்படியே பிடித்துக்கொண்டது. மேலே கீழே என்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான். இங்கே நாம் வழக்கமாகச் சொல்வது “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு”. திருப்பிக் கொடுக்காத கடன் என்ன கடன் என்று பிள்ளை கேட்பதில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதில் ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, “27 ரூபாய் எனக்குக் கொடு” என்றால் பிள்ளை தானாகவே ஒரு பத்தைச் சில்லறை மாற்றும். கடைக்குப் போய்வரும் எந்தப் பிள்ளைக்கும் சில்லறை மாற்றத் தெரியும்.

105க்கும் இதுதான் வழி. நூறு ரூபாய்த் தாள் ஒன்று, பத்து ரூபாய்த் தாள் இல்லை, ஒரு ரூபாய் நாணயம் ஐந்து. அந்த ‘இல்லை’க்குத்தான் பூஜ்யம்.

மொழியும் குழப்பும். எண்பதுக்கு அடுத்தது ஒன்பதில் தொடங்காமல் தொண்ணூறு என்று நூறை உள்ளே வைத்திருக்கிறது. எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம், உள்ளே ஆயிரம். பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை. ஆங்கில வழிப் பிரிவில் ‘தர்ட்டீன்’ என்று மூன்று முதலில் கேட்பதால் 31 என்று எழுதும் பிள்ளையும் உண்டு. நம் வட்டாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் வாழும் அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேச்சு தெலுங்கு. அங்கே மூன்று என்பது ‘மூடு’, ஏழு ‘ஏடு’, எட்டு ‘எனிமிதி’. தொழிற்பேட்டைக்கு வந்த ஒடிசா, பிஹார் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது இன்னும் தூரம். முதல் மாதம் இரண்டு மொழியிலும் எண்ண விட்டால் என்ன குறைந்துபோகும்?

தேங்காய்க் கணக்கு

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஏழைச் சிறார்களை வைத்து மூன்று ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் பேச வேண்டியது. ஒரு தேங்காய் 35 என்றால் நாலு தேங்காய் என்ன விலை என்று வாடிக்கையாளர் போலக் கேட்டார்கள். பிள்ளை மூன்றுக்கு 105 என்று வைத்து, மேலே இன்னொன்றைக் கூட்டி 140 என்று சொல்லிவிட்டது. பின்னர் அதையே தாளில் 35 பெருக்கல் 4 என்று கொடுத்தபோது விடை 200. நாலைந்து இருபது, இரண்டு மேலே ஏறுகிறது, மூன்றோடு இரண்டைச் சேர்த்து ஐந்து, நாலைந்து இருபது. தெருவில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளைப் பள்ளிக்கூட வடிவில் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்.

நம் நாட்டிலும் இதே கதைதான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறார்களிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. சந்தையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே போடும் சிறார், பாடப் புத்தகப் பாணியில் கேட்டால் திணறினார்கள். வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். கடைக்கும் கரும்பலகைக்கும் நடுவே பாலம் போடப் பள்ளிக்கூடத்தால் முடியவில்லை. ஆவடி மார்க்கெட்டில் அம்மாவோடு கீரைக்கட்டு விற்கும் பெண் பிள்ளை மாலையில் நூறு பேருக்கு மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு மறுநாள் காலை வகுப்பில் கழித்தல் தெரியாதவளாக நிற்கிறாள். கணக்கு அவளுக்குத் தெரியும். அவளுடைய கணக்கு ஆசிரியருக்குத் தெரியவில்லை.

சாதி என்ற இலக்கம்

உத்தரப் பிரதேசத்தில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களை வைத்துக் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைத் தந்து, தீர்த்ததற்குக் காசு கொடுத்தார்கள். யார் எந்தச் சாதி என்று சொல்லாதபோது தலித் பையன்களும் உயர்சாதிப் பையன்களும் ஏறத்தாழ ஒரே அளவு புதிர்களைத் தீர்த்தார்கள். பெயரையும் சாதியையும் எல்லோர் முன்பும் படித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது தலித் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. மூளை அதேதான். அறையில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தைதான் வேறு.

உதவித்தொகைப் படிவம் நிரப்ப “எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க” என்று வகுப்பில் கூப்பிடும் வழக்கம் இன்னும் எத்தனை பள்ளியில் இருக்கிறது என்று படிக்கும் மாணவர்களுக்கே தெரியும். அடுத்த மணி கணக்கு என்றால்? கணக்கு நேரத்தில் தண்ணீர் தூக்கவும் கழிப்பறை கழுவவும் அனுப்பப்படும் பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஈரோடு மாவட்டத்தில் இதற்காக ஒரு தலைமை ஆசிரியர் 2022இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு பற்றிய பயிற்சி, அகர வரிசையில் இருக்கை ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். அதைச் சட்டம் ஒழுங்கு விஷயமாகவே பலர் பேசினார்கள். கற்றல் விஷயமாகவும் பார்க்க வேண்டும். எண்ணும் எழுத்தும் பயிற்சி ஒரு நாள், சாதிப் பாகுபாட்டுப் பயிற்சி இன்னொரு நாள் என்று தனித்தனியாக நடத்துவதைவிட, ஒரே மேசையில் ஒரே நோட்டை வைத்துப் பேசலாம். கடைசி வரிசையில் இருப்பவர் யார், கரும்பலகைக்குக் கூப்பிடப்படாதவர் யார், “எப்படிப் போட்டே” என்ற கேள்வி யாரிடம் கேட்கப்படவே இல்லை?

மாநிலம் முழுக்க ஆதிதிராவிடர் நலத் துறையின் கீழ் 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இணைப்பில் நம் உரிமைகள் என்ன ஆகும் என்ற விவாதம் தனியாக நடக்கட்டும். எந்தத் துறையாக இருந்தாலும் காலிப் பணியிடத்துக்குப் பயிற்சி கொடுக்க முடியாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு எண் பிடிபடாமல் இருப்பதற்கு மூளை எண்ணைக் கையாளும் விதமே காரணமாக இருக்கும். இதற்கு டிஸ்கால்குலியா என்று பெயர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொதுத் தேர்வில் சலுகையும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவர் சான்றிதழ் கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு “மக்கு” என்ற சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைக்கு மணிச்சட்டத்தையும் டெய்லர் சட்டத்தையும் கொண்டு விரல் நுனியால் கணக்கு சொல்லித்தரும் சிறப்பாசிரியர்கள் பயிற்சி பெறும் இடம். பார்க்க முடியாத பிள்ளைக்கே இடமதிப்பைக் கையில் தொட்டுக் காட்ட ஒரு வழி இருக்கும்போது, அதே ஊர்ப் பள்ளியில் கண் தெரிந்த பிள்ளைக்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றிய ஆசிரியர்களை ஒரு நாள் அங்கே அழைத்துப்போய்க் காட்டுவதற்குப் பெரிய செலவாகாது.

கூட்டத்தில் கேட்க வேண்டியது

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பெற்றோரில் ஒரு பெண். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர்கள். கூட்டத்தில் பெரும்பாலும் சுற்றுச்சுவரும் குடிநீரும்தான் பேசப்படுகின்றன. அவையும் வேண்டும்தான். அடுத்த கூட்டத்தில் இவற்றையும் கேட்டுப் பாருங்கள்: என் பிள்ளை கணக்கில் அரும்பா, மொட்டா, மலரா? சென்ற பருவத்தில் எங்கே இருந்தது? எந்த இடத்தில் தடுக்குகிறது, கூட்டலிலா, இடமதிப்பிலா? நோட்டில் தப்பு என்று போட்ட இடத்தில் காரணம் எழுதியிருக்கிறதா? ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாட்களில் வகுப்பை யார் பார்க்கிறார்?

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் வேலை இருக்கிறது. இரவுப் பாடசாலையோ, இல்லம் தேடிக் கல்வி மையமோ, அம்பேத்கர் படிப்பகமோ, தெருவில் ஏதாவது ஒன்று இருக்கும். வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதற்கு முன், பிள்ளையைப் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும், மீதி எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அதன் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.